கீயத்தெருப் பேச்சு

நாலு வாக்கியம் பேசினால் போதும், பேசுகிறவர் எந்த ஊர் என்று கயல்விழி சொல்லிவிடுவாள்.

தஞ்சாவூரில் அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போயிருந்தது. ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் தமிழ்த்துறை ஆசிரியர்கள் யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவள் மேசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். "எதையாவது பேசுப்பா" என்பார்கள். பிள்ளை கூச்சத்தோடு காலையில் என்ன சாப்பிட்டது, எந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது என்று சொல்லும். கயல்விழி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். "நீடாமங்கலத்துக்குத் தெக்க, கோரையாத்துக் கரை. அம்மா மட்டும் பட்டுக்கோட்டப் பக்கம்." பிள்ளை வாயைப் பிளக்கும். துறைத்தலைவர் கைதட்டுவார்.

டெல்டாவில் எல்லாரும் ஒரே மாதிரிதானே பேசுகிறோம் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை என்பதைத்தான் அவள் ஐந்து வருடம் ஆய்வு செய்து எழுதிப் பட்டம் வாங்கியிருந்தாள். வெண்ணாற்றிலிருந்து கடற்கரை வரைக்கும் டவுன்பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் போய், களத்திலும் ரேஷன் கடையிலும் ஜனங்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தாள். ஒரே ஓர் ஊர்தான் அந்த ஆய்வில் இல்லை. அது அவள் பிறந்த ஊர்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து மினிபஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் செங்கால்கோட்டகம். அதன் கீழத்தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். அந்த அறுபத்திரண்டு வீட்டின் முன்னோர்களும் கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்து பண்ணை வேலைக்கென்று ஓட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். வந்து நாலு தலைமுறை ஆகியும் நாக்கு மட்டும் வடக்கேயே நின்றுவிட்டது. சுற்று வட்டாரமெல்லாம் மழையை மளை என்று சொல்லும், பழத்தைப் பளம் என்று சொல்லும். கீழத்தெருவில் மட்டும் அது மயை, பயம். கிழக்கே என்பது கெயக்க. கீழத்தெருவே அவர்கள் வாயில் கீயத்தெரு. மகளுக்குக் கயல்விழி என்று ஆசையாகப் பேர் வைத்த அம்சவல்லி, பேர் வைத்த நாளிலிருந்து அவளை 'வியி' என்றுதான் கூப்பிட்டாள்.

பதினேழு வயதில் தஞ்சாவூர் விடுதிக்கு வந்த முதல் நாள், அறையில் இருந்த பெண்கள் பேரைக் கேட்டார்கள். "கயல்வியி" என்றாள். நாலு பேரும் கட்டிலில் புரண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கேட்டாள், "நீ எந்தத் தெரு?"

ஊரைக் கேட்கவில்லை. தெருவைக் கேட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, நாக்கை மடித்து மடித்து ழகரம் பழகினாள். அரைப் பரீட்சை வருவதற்குள் நாக்கு படிந்துவிட்டது. இன்றைக்கு அவள் வகுப்பில் தமிழ் என்று சொன்னால் பிள்ளைகள் அதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்வார்கள். தெற்கு வீதிக்குப் பின்னால் வாடகை வீடு, தனிக்கட்டை வாழ்க்கை. அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். அம்சவல்லி வரவில்லை. மூன்றாவது தடவை கேட்காமல் விட்டது ஏன் என்று அவளுக்குத் தெரியும். அம்மா வாயைத் திறந்தால் அக்கம்பக்கத்தில் எல்லாம் தெரிந்துபோகும்.

மாசி மாதம் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் பரணிதரன் கல்லூரிக்கு அவளைத் தேடி வந்தார். சீருடை இல்லை. வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பழைய ஃபைல். துறைத்தலைவர் எழுந்து நாற்காலி போட்டார்.

"மேடம், உங்க காதப் பத்தி எங்க எஸ்.ஐ. சொன்னாரு. அவரு தங்கச்சி உங்ககிட்ட படிச்சுதாம். ஒரு சின்ன உதவி."

விஷயத்தைச் சொன்னார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் பஞ்சநதம் என்று ஒரு பெரிய மிராசு. ஐந்து ஊரில் கோயில் நிலத்தைச் சிறு குத்தகைக்காரர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். கோயில் பேரேட்டில் குத்தகை தன் பேரில்தான் இருக்கிறது என்று பஞ்சநதம் வழக்குப் போட்டிருந்தார். வழக்கு முடியுமுன்னே, குத்தகைக்காரர்கள் நட்டு விளைவித்த கதிரை அறுக்க ஆத்தூரிலிருந்து அறுவடை மிஷின் வரவழைத்துவிட்டார். மிஷின் வந்து இறங்கிய அன்று மத்தியானம் அவருடைய கைபேசிக்கு ஒரு மிரட்டல் வந்தது. மறுநாள் விடியக்காலம் மிஷின் எரிந்தது. மிஷினுக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த டிரைவர் அர்த்தநாரி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

"கூப்பிட்ட நம்பரு செத்துப்போன ஒரு கெழவர் பேருல இருக்கு. போனும் கெடைக்கல. பஞ்சநதம் போன்ல தானா ரெக்கார்ட் ஆயிருக்கு, இது ஒண்ணுதான் இருக்கு. அஞ்சு ஊருல எந்த ஊரான்னு தெரிஞ்சாப் போதும் மேடம். மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்."

கைபேசியை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"யோவ், கேட்டுக்க. கெயக்க நிக்கிற மிஷினு நாயக்கி வயல்ல எறங்குச்சுன்னா கொயுத்திடுவோம். பொயுது சாயிறதுக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போவச் சொல்லு. அப்பறம் அயுது பெரண்டாலும் ஒண்ணும் ஆவாது."

'கெயக்க' என்ற சொல்லிலேயே கயல்விழிக்கு அது கீழத்தெரு என்று தெரிந்துவிட்டது. இருபத்து நாலு வருடமாக யார் காதிலும் விழாமல் அவள் பொத்தி வைத்திருந்த பேச்சு, துறை அறையில், துறைத்தலைவர் முன்னால், மேசை மேல் கிடந்து பேசியது. அதற்குப் பிறகு வந்த சொற்களை அவள் சரியாகக் கேட்கவே இல்லை. பொயுது, அயுது என்று ஒவ்வொரு ய-வும் முகத்தில் அறைந்தது.

"தெரியுதா மேடம்?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கேயோ என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. மழுப்பினால் ஏன் மழுப்புகிறாள் என்று யோசிப்பார், யோசித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தாள். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதவள் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

"செங்கால்கோட்டகம். கீழத்தெரு. ழகரத்த ய-ன்னு சொல்றவங்க அந்தப் பக்கத்துல வேற எங்கயும் கெடையாது."

"இன்னொரு தடவ போடவா?"

"வேண்டாம் சார்."

"அவ்வளவு உறுதியா?"

"உறுதி."

பரணிதரன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "மேடத்துக்குச் சொந்த ஊரு?"

"தஞ்சாவூர்தான்."

அதைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கல்லூரித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பதிவை அவர் அவளுக்கும் அனுப்பிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் அம்சவல்லி போன் செய்தாள். "வியி, நம்ம தெருவுல பதினோரு பேர வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கடி. முருகையனையும்தான்."

முருகையன் கயல்விழிக்கு அத்தை மகன். அவளைவிட ஐந்து வயது மூத்தவன். பத்தாவதோடு நின்றவன். கோயில் நிலத்தில் மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், சாகுபடி செய்துகொண்டிருந்தான். பஞ்சநதத்தின் வழக்கை எதிர்த்துத் தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து, யார் எந்த வருடம் உழுதார்கள் என்று காட்டும் பழைய பசலிக் கணக்கையெல்லாம் நகல் வாங்கி வைத்திருந்தவன் அவன்தான். ஐந்து ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துப் போட்ட மனுவில் முதல் கையெழுத்து அவனுடையது.

நாலாம் நாள் பத்துப் பேரை விட்டார்கள். முருகையனை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். மினிபஸ்ஸில் நெல் தூசு பறந்தது. இரண்டு பக்கமும் மிஷின்கள் வயலில் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தன. கீழத்தெருவில் எப்போதும் குழாயடியில் நிற்கும் பெண்கள் அன்று இல்லை. விட்டு அனுப்பப்பட்ட ஆண்களில் ஒருவர் வாசலில் குப்புறப் படுத்திருந்தார். உள்ளங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

அம்சவல்லி மகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். "தெருவே இயவு வூடு மாரி கெடக்கு. எவளோ காலேஜு டீச்சரு ஒருத்தி எயுதிக் குடுத்துருக்காளாம், இது கீயத்தெருப் பேச்சுதான்னு. அவ எங்க இருந்து வந்தா, நம்ம பேச்ச எப்ப கேட்டா? போலீசுக்காரன் அந்தக் காயிதத்தக் காட்டிக் காட்டித்தான் அடிச்சானாம்."

கயல்விழி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தாம்மா எழுதிக் குடுத்தேன்."

அம்சவல்லி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள், "அந்தப் பேச்ச வச்சிருக்கியா? போடு. நான் கேக்குறேன்."

கயல்விழி போட்டாள். அம்சவல்லி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பதிவு முடிந்ததும், "இன்னொருக்கா" என்றாள். இரண்டாவது தடவை பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தினாள்.

"எவன் இவன்?"

"நம்ம தெரு ஆள் இல்லையா?"

"கொயுத்திடுவோமா? எவன்டி அப்புடிச் சொல்லுவான்? நீ சொல்லுவியா? ஒங்கப்பன் சொல்லிருக்கானா? கொளுத்துவோம்னுதானடி சொல்லுவோம். நாளக்கிங்குறத நாயக்கிங்குறான். நாய்க்குச் சோறு வக்கிறானா? இது நம்மாளு இல்ல. நம்மள மாரி பேசிக் காட்டுறவன்."

கயல்விழி அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டாள்.

அவள் அதை ஆய்விலேயே எழுதியிருக்க வேண்டியவள். கீழத்தெருக்காரர்கள் ழ இருக்கிற இடத்தில் மட்டும்தான் ய என்பார்கள். ள இருக்கிற இடத்தில் ள அப்படியே நிற்கும். கொளுத்து, நாளைக்கு, வெள்ளாமை, களம், எதுவும் மாறாது. சுற்று வட்டாரத்துக்காரர்களுக்கோ ழ-வும் ள-வும் ஒன்று. அவர்கள் கீழத்தெருப் பேச்சைப் பேசிக் காட்ட நினைத்தால் எது ழ எது ள என்று தெரியாமல் அகப்பட்டதையெல்லாம் ய ஆக்கிவிடுவார்கள். கெயக்கவும் பொயுதும் சரியாக வந்திருக்கிறது. கொயுத்தலில் ஆள் மாட்டிக்கொண்டான். முதலாமாண்டுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். பட்டம் வாங்கிய காதுக்கு அது கேட்கவில்லை.

"யாரும்மா நம்மள அப்படிப் பேசிக் காட்டுறது?"

"யாரு காட்டல? பஞ்சநதம் வூட்டுப் புள்ளைவோ வரப்புல நின்னுக்கிட்டு, 'ஏ கியவி, கூயு குடிச்சியா, தண்ணி இயுத்தியா, வெய்யாம எப்புடி'ம்பானுவோ. அவரு அண்ணன் மவன் ராம்கிதான் எல்லாத்துலயும் மூத்தவன். களத்துல நெல்லு தூத்துறப்ப எங்க காதுக்குள்ள வந்து கத்துவான். நாங்களும் சிரிச்சுக்கிட்டே தூத்துவோம். என்னா பண்றது?"

"அந்த ராம்கி இப்ப எங்க?"

"முந்தாநேத்து சிங்கப்பூரு போயிட்டானாம். முன்னாடியே டிக்கெட்டு போட்டதாம். சொல்லிக்கிறாங்க. முருகையன் உள்ள கெடந்தா அந்த நெலத்துக் கேச யாரு நடத்துவா?"

மறுநாள் கயல்விழி கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பரணிதரனைப் பார்க்கக் காவல் நிலையம் போனாள். அவர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். டீ வரவழைத்தார். அவள் ழ, ள என்று விளக்கியதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"அருமையா சொல்றீங்க மேடம். ஆனா அவசியமில்ல. அவனே பேசிட்டான்."

"யாரு?"

"முருகையன். அதே வார்த்தைங்கள அவனச் சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணிட்டோம். அப்படியே ஒத்துப்போகுது. கேளுங்க."

கைபேசியில் முருகையனின் குரல் வந்தது. அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தான், ஆனால் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை எச்சிலை விழுங்கினான். "கெயக்க நிக்கிற மிஷினு... நாயக்கி... எறங்குச்சுன்னா... கொயுத்திடுவோம்."

"இதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் எங்க சார்?"

"எதெல்லாம்?"

"ஒரே தடவையிலயா சொன்னாரு?"

பரணிதரன் ஃபைலை மூடினார். "மொதல்ல ஒயுங்காச் சொல்லல. கொளுத்துவோம், கொளுத்துவோம்னே சொல்லிக்கிட்டிருந்தான். குரலை மாத்துறான்னு எங்க பசங்களுக்குத் தெரியும்ல. சரியாச் சொல்ற வரைக்கும் விடல."

'ஒயுங்கா' என்பதைக் கிண்டலாகத்தான் சொன்னார். அந்தக் கிண்டல் கேஸ் முழுவதும் அங்கே ஓடியிருக்க வேண்டும். வாசலில் நின்ற காவலர் சிரித்தார்.

"நான் குடுத்த லெட்டர வாபஸ் வாங்கிக்கிறேன். புதுசா எழுதித் தர்றேன்."

"வாங்கிக்க முடியாதுங்க மேடம். அது ஃபைல்ல சேந்துடுச்சு." டீயைக் காட்டினார். "ஆறிடப் போவுது."

அவள் டீயைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

முருகையனுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தப்பியோட முயன்று படிக்கட்டில் விழுந்ததாக எழுதியிருந்தார்கள். சிறையில் போட்ட பிறகு பதினைந்து நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

வழக்கறிஞர் ஜெக்கரியா வழக்கை எடுத்துக்கொண்டார். நாகூர்க்காரர், நறுக்கென்று பேசுகிறவர். கயல்விழி தன் காகிதத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க அவங்க சாட்சி. அவங்க உங்களக் கூண்டுல ஏத்தித்தான் ஆவணும். ஏத்தட்டும். நான் கேக்குறப்ப உள்ளதச் சொல்லுங்க. அதுக்கப்பறம் அவங்க கேக்குறதுக்கும் நீங்க பதில் சொல்லணும். தயாரா இருங்க."

கூண்டில் ஏற பதினாலு மாதம் ஆனது. ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளுபடியானது. அதற்கிடையில் கோயில் நிர்வாகம், கிரிமினல் வழக்கில் இருப்பவனுக்குச் சாகுபடி உரிமை இல்லை என்று முருகையனின் மூன்று மாவையும் எடுத்துக்கொண்டது. மற்ற நாலு ஊர்க்காரர்களும் பயந்துபோய் பஞ்சநதத்தோடு சமாதானமாகப் போனார்கள்.

கோர்ட்டில் அவள் உள்ளதைச் சொன்னாள். முதலில் தான் எழுதிக் கொடுத்தது தவறு என்றாள். ஏன் தவறு என்பதை ழ, ள என்று விளக்கினாள். நீதிபதி குறிப்பெடுத்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அரசு வழக்கறிஞர் எழுந்தார். தன் சாட்சியே பிறழ்ந்துவிட்டதாகச் சொல்லி, அவளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது.

"உங்க சொந்த ஊரு எதும்மா?"

"செங்கால்கோட்டகம்."

"எந்தத் தெரு?"

இருபத்தைந்து வருடம் கழித்து அதே கேள்வி. "கீழத்தெரு."

"இன்ஸ்பெக்டர்ட்ட தஞ்சாவூர்னு சொன்னீங்க. குற்றவாளிக்கு நீங்க என்ன உறவு?"

"அத்தை மகன்."

"சரி. ஊரப் பத்திப் பொய். உறவ மறைச்சாச்சு. இப்ப ழகரத்தப் பத்தி மட்டும் உண்மை." கோர்ட்டில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அந்தத் தெருப் பேச்சு எப்படி இருக்கும்னு நீங்களே பேசிக் காட்டுங்களேன். நாங்களும் கேக்குறோம்."

ஜெக்கரியா ஆட்சேபித்தார். நீதிபதி, "சாட்சிக்கு விருப்பமிருந்தால் பேசலாம்" என்றார்.

கயல்விழி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் முருகையன் நின்றான். முகத்தின் ஒரு பாதி கீழே இறங்கியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தபோது நாக்கு தானாக ழகரத்துக்கு மடிந்தது. பழகின பழக்கம். அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எம் பேரு கயல்வியி" என்றாள். "எங்க ஆத்தா என்ன வியின்னுதான் கூப்புடும். நாங்க கீயத்தெரு. நாளக்கி மய வரும்னு சொல்லுவோம். நாயக்கின்னு சொல்ல மாட்டோம். பொயுது விடிஞ்சா வெள்ளாம பாக்கப் போவோம். வெளக்கக் கொளுத்துவோம். அடுப்பக் கொளுத்துவோம். கொயுத்துறதுன்னு எங்க வாயில வராது. அவரு வாயிலயும் வரல. அடிச்சுத்தான் வரவச்சாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. முருகையன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான்.

அரசு வழக்கறிஞர் அமைதியாகக் கேட்டார். "ரொம்ப நல்லாப் பேசுறீங்க. இதத் தஞ்சாவூர்ல யாரும் கண்டுபிடிக்காத மாதிரி இத்தன வருஷம் மறைச்சுப் பேசவும் உங்களால முடிஞ்சுது. ஒரே ஆளு ரெண்டு மாதிரியும் பேசலாம். அப்ப குற்றவாளி குரல மாத்திப் பேசிருக்க முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

கயல்விழி கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

வெளியே வராந்தாவில் ஒரு பெண் அவளை வழிமறித்தாள். முப்பது வயதிருக்கும். வெறும் கழுத்து. அர்த்தநாரியின் மனைவி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தவள்.

"ஏனுங்க, முன்னால ஒண்ணு எழுதிக் குடுத்தீங்களாமா. இப்ப ஒண்ணு சொல்றீங்க. படிச்சவங்க. எங்கூட்டுக்காரர எரிச்சது யாருன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க."

ராம்கியின் பேர் கயல்விழியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு குரலை வைத்து ஒரு தடவை பேர் சொல்லியாயிற்று. "எனக்குத் தெரியலம்மா" என்றாள். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

தீர்ப்பு வர இன்னும் ஆறு மாதம். குரல் சாட்சியத்தை நீதிபதி இரண்டு பக்கத்திலும் நம்பவில்லை. வேறு ஆதாரமும் இல்லை. சந்தேகத்தின் பலனை அளித்து முருகையனை விடுதலை செய்தார். தாடையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. வேறு யார்மீதும் வழக்கு வரவில்லை. பரணிதரனுக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல். ராம்கி தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள்.

விடுதலையான இரண்டாவது வாரம் கயல்விழி அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி அகிலாண்டம் நூறு நாள் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக்கிக்கொண்டிருந்தாள். கயல்விழியை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு ஸ்டூலை மட்டும் காலால் தள்ளிவிட்டாள்.

"மச்சான்" என்றாள் கயல்விழி. மன்னிப்புக் கேட்க பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எந்தப் பேச்சில் சொல்வது என்றே தெரியவில்லை.

முருகையன் கஞ்சியை ஸ்பூனால் எடுத்து வாயின் நல்ல பக்கத்தில் விட்டுக்கொண்டான். பாதி மோவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்து என்னவோ சொன்னான். காற்றும் எச்சிலுமாக, முனை மழுங்கிய சத்தங்கள். அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. முன்னால் குனிந்து, "என்னா மச்சான்?" என்றாள். மறுபடியும் சொன்னான். மறுபடியும் விளங்கவில்லை.

அகிலாண்டம் பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "ஒங்கம்மாவுக்கு மூட்டுவலி மாத்திர வாங்கியாந்தியான்னு கேக்குறாரு."

"வாங்கியாந்துட்டேன் மச்சான்."

அவன் தலையாட்டினான். இன்னும் இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தான். தெருமுனையில் மினிபஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அப்போது இன்னொன்று சொன்னான். இந்தத் தடவை நீளமாக, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

கயல்விழி அகிலாண்டத்தைப் பார்த்தாள்.

"என்னாக்கா சொல்றாரு?"

"அத விடு" என்றாள் அகிலாண்டம். அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.